இணையக் கருவிகள் யாரைக் கண்காணிக்கின்றன? திருமுடிவாக்கத்திலிருந்து எழும் கேள்விகள்

தாம்பரத்துக்கும் குன்றத்தூருக்கும் இடையில், வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்கு அருகே அமைந்துள்ளது திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை. சென்னையின் தெற்குப் புறநகரில் சிறு, குறு தொழில்கள் செறிந்திருக்கும் இடங்களில் அது ஒன்று. பெரிய வாகன நிறுவனங்களுக்கு உதிரிபாகம் செய்து தரும் கடைசல் பட்டறைகளும், தகடு அடிக்கும் பிரஸ் ஆலைகளும் இங்கே அடுத்தடுத்து இயங்குகின்றன. துல்லிய உற்பத்திக்கான பொது வசதிகளை அரசு இங்கு அமைக்க முன்வந்ததும் இந்தச் செறிவைக் கருதித்தான். இத்தகைய தொழிற்பேட்டைகளில் இப்போது உரக்கப் பேசப்படுவது ‘ஸ்மார்ட் தொழிற்சாலை’. இயந்திரங்கள் இணையத்தோடு பேசும், உற்பத்தி பெருகும், வீண்செலவு குறையும் என்று கருத்தரங்குகளில் சொல்கிறார்கள்.

பொருட்களின் இணையம் என்று தமிழில் வழங்கும் இத்தொழில்நுட்பத்தின் அடிப்படை எளிமையானது. ஒரு பொருளில் உணரி பொருத்தப்படுகிறது. அது வெப்பத்தையோ அதிர்வையோ மின்னோட்டத்தையோ இருப்பிடத்தையோ அளக்கிறது. அந்த அளவு இணையத்தின் வழியே வேறோர் இடத்துக்குச் செல்கிறது. அங்கே இருப்பவர் அதைப் பார்த்து ஒரு முடிவை எடுக்கிறார். இந்தச் சங்கிலியில் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: உணரி எதன் மீது, அல்லது யார் மீது பொருத்தப்படுகிறது? அது எதை அளக்கிறது? தகவல் யாரிடம் சேர்கிறது? முடிவெடுக்கும் அதிகாரம் யாருடையது?

தொழில்நுட்பம் சாதி பார்க்காது என்று கூறுவோர் இந்த நான்கு கேள்விகளையும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால், நம் நாட்டில் உணரிகள் பரவும் வழியில் சாதியின் தடம் தெளிவாகத் தெரிகிறது.

எண்ணும் உணரியும் காக்கும் உணரியும்

முதலில் ஆலைக்குள் பார்ப்போம். கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் ஒரு கடைசல் இயந்திரத்தில் உணரியைப் பொருத்தினால், அது எத்தனை நிமிடம் ஓடியது, எத்தனை நிமிடம் நின்றது, எத்தனை உருப்படி வந்தது என்பதெல்லாம் முதலாளியின் கைப்பேசியில் தெரிந்துவிடும். இயந்திரம் பழுதாகும் முன்பே அதிர்வின் மாற்றத்தைக் கொண்டு எச்சரிக்கவும் முடியும். இவை உண்மையான பயன்கள். சிறு தொழில் நடத்துவோருக்குத் தேவையானவையும்கூட.

ஆனால் இயந்திரம் நின்றது என்று மட்டுமே உணரிக்குத் தெரியும். ஏன் நின்றது என்று தெரியாது. மின்சாரம் போயிருக்கலாம். மூலப்பொருள் வந்து சேராதிருக்கலாம். வெட்டும் கருவி உடைந்திருக்கலாம். இயக்குபவர் கழிப்பறைக்குப் போயிருக்கலாம். காரணத்தைப் பதிவு செய்பவர் மேற்பார்வையாளர். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தத் திரையைப் பார்க்கும் வாய்ப்போ, தவறான காரணத்தை மறுக்கும் வாய்ப்போ பெரும்பாலும் இல்லை. மாத முடிவில் அந்த எண் அவருடைய ‘திறன்’ ஆகிறது. அடுத்த ஒப்பந்தத்தில் அவர் பெயர் இருக்குமா இல்லையா என்பதற்கு அதுவே சான்றாகவும் ஆகிறது.

பிரஸ் இயந்திரத்தில் இருவகை உணரிகளைப் பொருத்தலாம். ஒன்று, எத்தனை முறை அடித்தது என்று எண்ணுவது. மற்றொன்று, தொழிலாளியின் கை உள்ளே இருந்தால் அடிக்க விடாமல் நிறுத்துவது. ஹரியானாவின் குருகிராம், மானேசர் பகுதி வாகன உதிரிபாக ஆலைகளில் காயமுற்றோருக்காகச் செயல்படும் சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு, 2019 முதல் ‘கிரஷ்ட்’ என்ற தலைப்பில் தொடர்ந்து அறிக்கைகள் வெளியிடுகிறது. விரல்களை இழப்போரில் பெரும்பகுதியினர் பிரஸ் இயந்திரங்களில்தான் இழக்கின்றனர் என்பதும், அவ்வியந்திரங்களில் பெரும்பாலானவற்றில் பாதுகாப்பு உணரியே இல்லை என்பதும் அவற்றில் திரும்பத் திரும்பப் பதிவாகியுள்ளன. அங்கும் இங்கும் விநியோகச் சங்கிலி ஒன்றுதான்: மேலே புகழ்பெற்ற வாகன நிறுவனம், கீழே நான்காம் அடுக்கில் சிறு பட்டறை, அதன் அடியில் ஒப்பந்தத் தொழிலாளி. ஆகவே, ஓர் ஆலை ‘ஸ்மார்ட்’ ஆகிவிட்டது என்று சொல்லப்படும்போது நாம் முதலில் கேட்க வேண்டியது, உருப்படியை எண்ணும் உணரி வந்ததா அல்லது விரலைக் காக்கும் உணரி வந்ததா என்பதைத்தான்.

மணிக்கட்டில் ஏறிய கடிகாரம்

ஆலைக்கு வெளியே, இந்தியாவில் இணையக் கருவியை உடலிலேயே அணியும்படி கட்டாயப்படுத்தப்பட்டோர் யார்? தகவல் தொழில்நுட்ப நிறுவன மேலாளர்கள் அல்லர்; மாநகராட்சி ஆணையர்களும் அல்லர். தூய்மைப் பணியாளர்கள்தாம். நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா உள்ளிட்ட நகரங்களின் உள்ளாட்சி அமைப்புகள், தூய்மைப் பணியாளர்களின் மணிக்கட்டில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டின. ‘மனிதத் திறன் கண்காணிப்பு முறை’ என்பது அதற்கு வைக்கப்பட்ட பெயர். பணியாளர் எங்கே நிற்கிறார், எத்தனை மணிக்கு வந்தார், குறித்த எல்லையை விட்டு எப்போது விலகினார் என்பதைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்போர் திரையில் பார்க்கலாம்.

சண்டிகரில் 2020இல் இது நடைமுறைக்கு வந்தபோது பணியாளர்கள் வீதிக்கு வந்து எதிர்த்தனர். கடிகாரம் வேலை செய்யாவிட்டால் தங்கள் கூலி வெட்டப்படும் என்பது அவர்களுடைய முதல் அச்சம். தாங்கள் பேசுவதும் கேட்கப்படுமோ, கழிப்பறைக்குச் செல்லும்போதும் பார்க்கப்படுகிறோமோ என்பது பெண்களின் அச்சம். தாங்கள் கைதிகளைப் போல நடத்தப்படுகிறோம் என்ற அவமான உணர்வு அனைவருக்கும் இருந்தது. அதிகாரிகள் இதற்குச் சொன்ன காரணம் வேலையில் ஒழுங்கு. அப்படியானால், அதே மாநகராட்சியின் பொறியாளர்களுக்கும் வருவாய் அலுவலர்களுக்கும் ஒழுங்கு தேவையில்லையா?

இக்கேள்விக்கு விடை எண்களில் இருக்கிறது. சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றில் வேலை செய்வோரை ஒன்றிய அரசின் ‘நமஸ்தே’ திட்டம் கணக்கெடுத்து வருகிறது. 2024இல் வெளியான விவரப்படி, அதுவரை பதிவான ஏறத்தாழ 38,000 பேரில் 92 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். பட்டியல் சாதியினர் மட்டும் 68.9 விழுக்காடு. சாதியமைப்பு உழைப்பை மட்டும் பிரிக்கவில்லை, உழைப்பாளரையே மேல் கீழாக அடுக்கிப் பிரித்தது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே விளக்கினார். அந்த அடுக்கின் கீழ்ப்படியில் இருப்போர் மீதுதான் புதிய கருவி முதலில் ஏறுகிறது. கீழே இருப்பவர் நம்பத்தகாதவர், அவரைச் சதா பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற பழைய எண்ணம்தான் இப்போது சிம் அட்டையோடு வருகிறது.

2013இல் சட்டம் கேட்ட உணரி

தூய்மைப் பணியாளருக்கு உணரியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவருக்கு எந்த உணரி வேண்டும் என்பதைச் சட்டமே சொல்லியிருக்கிறது. மலம் அள்ளும் தொழிலாளர் பணியமர்த்தல் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம் 2013இல் இயற்றப்பட்டது. அதன் 7ஆம் பிரிவு, சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் அபாயகரமான முறையில் துப்புரவு செய்ய ஆளை அமர்த்துவதைத் தடை செய்கிறது. அதே ஆண்டின் விதிகள், தவிர்க்கவியலாத நிலையில் இறங்க நேர்ந்தால் தரப்பட வேண்டிய பாதுகாப்புக் கருவிகளை நீண்ட பட்டியலாகத் தருகின்றன. சுவாசக் கருவி, பாதுகாப்புப் பட்டை ஆகியவற்றோடு நச்சுவாயுவை அளக்கும் கருவியும் அதில் உண்டு.

அந்தக் கருவி ஏன் தேவை என்பதை அறிவியல் விளக்குகிறது. கழிவுநீர்த் தொட்டியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு கூடியதும் அது நுகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லை, ஆபத்தும் இல்லை என்று நம்பி இறங்குபவர் சில மூச்சுகளில் நினைவிழந்து விழுகிறார். அவரைத் தூக்கப் போனவரும் விழுகிறார். ஒரே தொட்டியில் இருவர் மூவர் இறந்ததாக நாம் மீண்டும் மீண்டும் படிக்கும் செய்திகளுக்குப் பின்னால் உள்ள காரணம் இதுதான். மனித மூக்கு தோற்கும் இடத்தில் உணரி தோற்காது. வாயுவின் அளவை மேலே நிற்பவரின் கைப்பேசிக்கு அனுப்பி, மூடியைத் திறந்ததுமே ஒலியெழுப்பும் கருவி செய்வது இன்றைய தொழில்நுட்பத்துக்கு ஒரு பொருட்டே அன்று.

1993 முதல் 2021 வரை சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் துப்புரவில் 941 பேர் இறந்ததாக ஒன்றிய அரசு 2021இல் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அவர்களில் 213 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். மாநிலங்களில் இதுவே மிக உயர்ந்த எண்ணிக்கை. இது அரசு ஒப்புக்கொண்ட கணக்கு மட்டுமே. சமூகநீதியின் தலைநிலம் என்று பெருமை பேசும் மாநிலம் இந்தப் பட்டியலில் முதலிடத்தில் நிற்கிறது.

சட்டம் கேட்ட வாயு உணரி 2013 முதல் காத்திருக்கிறது. சட்டம் கேட்காத ஜிபிஎஸ் கடிகாரம் 2020க்குள் பல நகரங்களில் மணிக்கட்டில் ஏறிவிட்டது. உயிரைக் காக்கும் கருவிக்கு நிதியில்லை என்று கைவிரித்த நிர்வாகங்களுக்கு, கண்காணிக்கும் கருவிக்கு மாதந்தோறும் வாடகை கொடுக்க நிதி கிடைத்தது. நம்முடைய வாதத்தின் மையம் இதுதான்.

புறநகரின் தொட்டிகள்

தெற்குப் புறநகரில் இவ்வாதம் ஏட்டளவில் நிற்பதன்று. தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆனது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும், திருநீர்மலை உள்ளிட்ட பேரூராட்சிகளும் அதனுடன் இணைந்தன. அதன் எல்லைக்குள்ளேயே பல பகுதிகளுக்குப் பாதாளச் சாக்கடை எட்டவில்லை. எல்லைக்கு அப்பால், காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஊராட்சியாக உள்ள திருமுடிவாக்கம் போன்ற இடங்களில் வீடும் ஆலையும் நம்பியிருப்பது கழிவுநீர்த் தொட்டியையும் தனியார் லாரியையும்தான்.

அந்த லாரிகளுக்கு உரிமமும் ஜிபிஎஸ் கருவியும் கட்டாயம் என்ற விதிகளைத் தமிழ்நாடு அண்மை ஆண்டுகளில் கொண்டுவந்தது. ஏரியிலும் கால்வாயிலும் கழிவைக் கொட்டுவதைத் தடுக்க அது தேவையான நடவடிக்கை, நாம் வரவேற்கிறோம். ஆனால் அந்தக் கருவி எதைப் பார்க்கிறது? லாரி எந்தச் சாலையில் போனது, எங்கே நின்றது என்பதைப் பார்க்கிறது. நின்ற இடத்தில் குழாய் மட்டும் தொட்டிக்குள் போனதா, அடியில் படிந்த சேற்றைக் கிளற ஒரு மனிதரும் போனாரா என்பதை அது பார்ப்பதில்லை. கழிவின் பயணத்தைப் பின்தொடரும் அரசுக்கு, மனிதர் இறங்கியது அவர் இறந்த பிறகே தெரிகிறது.

இறந்த பிறகு வருவது இழப்பீடு. 1993க்குப் பிந்தைய ஒவ்வொரு சாக்கடை மரணத்துக்கும் 10 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27 அன்று, சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அத்தொகை 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. அபாயகரமான துப்புரவுக்கு ஆள் அமர்த்தினால் முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. பட்டியல் சாதியினரை மலம் அள்ள வைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வன்கொடுமையும் ஆகும். ஆனால் வழக்குமன்றத்தில், அந்த மனிதரை யார் இறங்கச் சொன்னார் என்பதற்குச் சான்று கேட்கப்படுகிறது. வீட்டுக்காரர் லாரிக்காரரைக் காட்டுகிறார். லாரிக்காரர், அவராகவே இறங்கினார் என்கிறார். ஓட்டுநரின் ஒவ்வொரு திருப்பத்தையும் பதிவு செய்யும் கருவிகள் நிறைந்த காலத்தில், முதலாளியின் கட்டளைக்கு மட்டும் பதிவே இல்லை.

குறியீடுகளின் ஆட்சி

கண்காணிப்புக் கருவி தனியே வருவதில்லை. தனியார்மயத்தோடு சேர்ந்து வருகிறது. சென்னை மாநகராட்சி 2020இல் பல மண்டலங்களின் குப்பை அகற்றும் பணியைத் தனியாருக்கு ஒப்படைத்தபோது, குப்பையின் எடைக்குப் பதிலாகச் செயல்திறன் குறியீடுகளின் அடிப்படையில் கட்டணம் என்று அறிவித்தது. குறியீடு என்றால் அளவு வேண்டும். அளவு என்றால் வண்டியிலும் தொட்டியிலும் மனிதரிடத்திலும் கருவி வேண்டும். ஒப்பந்ததாரர் மீது விதிக்கப்படும் அபராதம் இறுதியில் யார் கூலியிலிருந்து கழியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2025 ஆகஸ்ட் 1 முதல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு அமர்ந்ததை நாம் மறக்கவில்லை. ஏறத்தாழ 23,000 ரூபாயாக இருந்த மாதக் கூலி, தனியாரிடம் போனால் 17,000 ரூபாயாகக் குறையும் என்பதும், பல்லாண்டு உழைத்தும் பணிநிரந்தரம் இல்லை என்பதும் அவர்கள் எழுப்பிய குரல். உயர் நீதிமன்ற ஆணையைக் காட்டி ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. அவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். கொரோனாக் காலத்தில் அவர்களுக்குக் கைதட்டிய நகரம், அவர்கள் எத்தனை ஆண்டு தொடர்ச்சியாக வேலை செய்தார்கள் என்பதைக் காட்டும் வருகைப் பதிவை மட்டும் அவர்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்த முன்வரவில்லை. முகத்தையும் விரலையும் நாள்தோறும் பதிவு செய்யும் முறை, கூலியை வெட்டுவதற்குச் சான்றாகிறதென்றால், பணிநிரந்தரம் கோருவதற்கும் சான்றாக வேண்டும். தகவல் ஒரு பக்கம் மட்டுமே பாய்வதை நாம் ஏற்க முடியாது.

தேய்ந்த விரல்கள்

அரசின் நலத்திட்டங்களிலும் இதே போக்கைக் காண்கிறோம். நியாயவிலைக் கடைகளில் விரல்ரேகைக் கருவி வந்தபின், கல்லுடைத்தோ வயலில் உழைத்தோ குப்பை அள்ளியோ ரேகை தேய்ந்த விரல்களைக் கருவி அடையாளம் காண மறுத்தது. உழைத்ததற்கான அடையாளமே உணவுக்குத் தடையானது. பின்னர் கருவிழிப் பதிவு சேர்க்கப்பட்டது. ஆயினும் இணைப்பு கிடைக்காத நாள்களில் திருப்பி அனுப்பப்படுவோர் யார் என்பது வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

நூறுநாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல், நாளுக்கு இருமுறை இருப்பிடக் குறியோடு படமெடுத்து வருகையைப் பதிவது கட்டாயமாக்கப்பட்டது. ஊழலை ஒழிக்க என்றார்கள். 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே, தொடர்பற்ற படங்களும், படத்தையே மீண்டும் படமெடுத்தவையும் பதிவேறுவதாக மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப நேர்ந்தது. முறைகேடு செய்வோர் கருவியை ஏமாற்றக் கற்றுக்கொண்டனர். பகலில் பாடுபட்டும் கைப்பேசிக் கோபுரம் எட்டாததால் கூலி இழந்தோருக்கு அந்தத் திறமை இல்லை.

ஸ்மார்ட் வீடும் அதன் வாசலும்

பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து பல்லாவரம் வரை எழுந்துள்ள அடுக்ககங்களில், வாசலில் பாதுகாவலரின் கையில் ஒரு செயலி இருக்கிறது. வீட்டுவேலைக்கு வரும் பெண் எத்தனை மணிக்கு நுழைந்தார், எத்தனை வீட்டில் வேலை செய்கிறார், எப்போது வெளியேறினார் என்பதைக் குடியிருப்போர் அனைவரும் பார்க்கலாம்; நட்சத்திரமிட்டு மதிப்பிடவும் செய்யலாம். கூலி தராத, பண்டிகைக்கும் விடுப்பு மறுக்கும் வீட்டை அந்தப் பெண் மதிப்பிட அதில் இடமில்லை. தனி மின்தூக்கி, தனிக் குவளை என்ற நடைமுறைகள் நிலவும் குடியிருப்புகளில் இப்போது தனிப் பதிவேடும் சேர்ந்திருக்கிறது.

அந்த வீடுகளுக்குள் இருக்கும் இணையக் குளிர்பதனப் பெட்டியையும் துவைக்கும் இயந்திரத்தையும் செய்வோரின் கதையும் அருகிலேயே உண்டு. அத்தகைய பொருட்களைச் செய்யும் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது முதன்மைக் கோரிக்கை. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த போராட்டத்துக்கும் சட்டப் போராட்டத்துக்கும் பின்னரே, 2025 ஜனவரியில் சங்கம் பதிவு பெற்றது. குளிர்பதனப் பெட்டி ஒரு பொருள் தீர்ந்ததைக் கைப்பேசிக்குச் சொல்லும் காலத்திலும், அதைச் செய்தவரின் குறையைச் சொல்ல சங்கம்தான் வேண்டியிருக்கிறது.

உரிமை மாறினால் கருவியும் மாறும்

இவ்வளவையும் கண்டு இயந்திரமே வேண்டாம் என்ற முடிவுக்கு நாம் வரவில்லை. அம்பேத்கர் அந்த வழியைத் தெளிவாக மறுத்தவர். இயந்திரத்தையும் நவீன நாகரிகத்தையும் பழித்த காந்தியப் பொருளாதாரத்தை அவர் கடுமையாக விமர்சித்தார். உழைப்பவருக்கு ஓய்வும் பண்பாட்டு வாழ்வும் கிடைக்க இயந்திரம் இன்றியமையாதது என்பதும், குற்றம் இயந்திரத்தில் இல்லை, அதன் பயன் சிலருக்கே சேரும் சமூக அமைப்பில்தான் என்பதும் அவர் வாதம். அவர் வைசிராய் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த காலத்தில் முன்னெடுத்த முயற்சியால், ஆலைகளில் வாராந்திர வேலைநேரம் 54 மணியிலிருந்து 48 மணியாக 1946இல் குறைந்தது. அந்த எல்லையைத் தளர்த்தி 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்ட முன்வரைவு 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியதையும், எதிர்ப்பின் விளைவாக மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

இயந்திரத்தின் உரிமை மாறினால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையிலேயே சான்றுகள் தோன்றியுள்ளன. சென்னை ஐஐடியில் உருவாக்கப்பட்ட ‘ஹோமோசெப்’ என்ற கருவி, மனிதர் இறங்காமலே கழிவுநீர்த் தொட்டியின் அடிச்சேற்றைக் கலக்கி உறிஞ்சுகிறது. அதைப் பயன்படுத்தும் பொறுப்பு, சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலனின் துணையோடு, சாக்கடையில் கணவரை இழந்த பெண்கள் வழிநடத்தும் சுய உதவிக் குழுக்களிடம் தரப்பட்டது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு மூலதன மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ் திட்டத்தின் வழியே, இருநூறுக்கும் மேற்பட்ட தூய்மைப் பணியாளர் குடும்பங்கள் கழிவுநீர் அகற்றும் நவீன வண்டிகளுக்கு உரிமையாளர் ஆயின. சென்னைக் குடிநீர் வாரியம் அவ்வண்டிகளை ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது.

இந்த வண்டியிலும் ஜிபிஎஸ் இருக்கலாம். ஆனால் உரிமையாளருக்கு அது தன் வண்டி ஓடிய தொலைவுக்கும் வரவேண்டிய கட்டணத்துக்கும் சான்று. அதே கருவி, கூலியாளுக்கு விலங்காகவும் உரிமையாளருக்குக் கணக்குப் புத்தகமாகவும் இருக்கிறது. எனினும் இதை முழு விடுதலை என்று கொண்டாட நாம் தயங்குகிறோம். சாக்கடைத் தொழிலுக்குள்ளேயே உரிமையாளராவது ஒரு படி மட்டுமே. திருமுடிவாக்கம் போன்ற பேட்டைகளில் துல்லியக் கருவிகளையும் உணரிகளையும் செய்து விற்கும் தலித் முனைவோர் பெருக வேண்டும். ஒன்றிய அரசு நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடிச் சிறு தொழில்களிடமிருந்து பெற வேண்டும் என்ற விதி 2012 முதல் இருக்கிறது. மனைப்பட்டா, வங்கிக்கடன், வாங்குவோரின் தொடர்பு ஆகிய மூன்றும் சாதி வலைப்பின்னலில் சிக்கியிருக்கும் வரை அந்த விதி ஏட்டில்தான் இருக்கும்.

சட்டம் விட்ட இடைவெளி

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் பின் வந்த எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, அதன் 7ஆம் பிரிவில், வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்குத் தொழிலாளியின் ஒப்புதல் இல்லாமலே அவருடைய தரவை முதலாளி பயன்படுத்தலாம் என்று வழிவிட்டது. ஆக, கடைக்காரரிடம் தொலைபேசி எண் தர மறுக்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. மணிக்கட்டில் கடிகாரம் கட்ட மறுக்கும் உரிமை தூய்மைப் பணியாளருக்கு ஐயத்துக்குரியது.

வேறு நாடுகளில் இதற்கு வரம்பு உண்டு. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், அமேசானின் அந்நாட்டுக் கிடங்கு நிறுவனத்துக்கு 3.2 கோடி யூரோ அபராதம் விதித்ததை 2024 ஜனவரியில் அறிவித்தது. தொழிலாளர் கையிலுள்ள வருடியின் வழியே அவர்கள் சும்மா இருந்த நிமிடங்களையும் எண்ணிய முறை அளவுக்கு மீறியது என்பது குற்றச்சாட்டு. ஒரு கருவி எதை அளக்கலாம், எதை அளக்கக் கூடாது என்று அரசால் தீர்மானிக்க முடியும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

நாம் கோருவது

ஆகவே, தமிழ்நாடு அரசின் முன்னும் உள்ளாட்சி அமைப்புகளின் முன்னும் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை.

முதலாவது, இருப்பிடம் காட்டும் கருவியை எந்தத் தூய்மைப் பணியாளர் உடலிலும் பொருத்தக் கூடாது. வண்டியைக் கண்காணிப்பது வேறு. மனிதரைக் கண்காணிப்பது வேறு.

இரண்டாவது, உரிமம் பெறும் ஒவ்வொரு கழிவுநீர் லாரியிலும் நச்சுவாயு அளக்கும் கருவி கட்டாயமாக வேண்டும். தொட்டி திறக்கப்படும்போது எடுத்த அளவு, ஜிபிஎஸ் தகவலோடு சேர்ந்து உள்ளாட்சி அமைப்புக்குச் செல்ல வேண்டும். அளவு பதியாத லாரியின் உரிமம் புதுப்பிக்கப்படக் கூடாது. வேலைக்கு ஆள் அனுப்பியவர், வரவழைத்தவர் ஆகிய இருவர் பெயரும் அதே பதிவில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, தொழிலாளியைப் பற்றித் திரட்டப்படும் வருகைப் பதிவும் திறன் கணக்கும் அவர் கேட்டவுடன் தமிழில் தரப்பட வேண்டும். அந்தப் பதிவைக் கொண்டு கூலி வெட்டும் முன் மறுப்புரைக்க வாய்ப்பளிக்க வேண்டும்.

நான்காவது, பிரஸ் இயந்திரங்களில் கையைக் காக்கும் உணரி இல்லாத ஆலைக்கு ‘ஸ்மார்ட்’ மாற்றத்துக்கான அரசு மானியம் எதுவும் தரக் கூடாது.

ஐந்தாவது, சென்னைக் குடிநீர் வாரிய எல்லைக்குள் தொடங்கிய தூய்மைப் பணியாளர் தொழில்முனைவுத் திட்டம், தாம்பரம் மாநகராட்சிக்கும் அதைச் சூழ்ந்த ஊராட்சிகளுக்கும் விரிய வேண்டும். நகர எல்லைக்கு வெளியே உள்ள தொட்டியிலும் அதே வாயுதான் இருக்கிறது.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் மின்னணுவியலும் கணினியும் படிக்கிறீர்கள். இறுதியாண்டுத் திட்டப்பணியாக இணையக் கருவி ஒன்றைச் செய்யவும் போகிறீர்கள். வீட்டு விளக்கைக் கைப்பேசியால் அணைக்கும் கருவியை ஆயிரம் பேர் செய்துவிட்டனர். ஒரு கழிவுநீர்த் தொட்டியின் மூடியைத் திறக்கும் முன் உள்ளே உயிர்கொல்லும் வாயு இருக்கிறதா என்று சொல்லும், மலிவான, தமிழில் பேசும் கருவியைச் செய்யுங்கள். உங்கள் ஊராட்சியில் எந்த லாரிக்கு உரிமம் உண்டு, அதில் என்னென்ன பாதுகாப்புக் கருவிகள் உள்ளன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வரும் பதிலைச் சங்கங்களுக்கும் எங்களுக்கும் அனுப்புங்கள். எந்தக் கருவி வரவேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில் நம் மக்கள் அமர வேண்டும். அதற்கான வேலையை இப்படித்தான் தொடங்க முடியும்.